அறக்கொடையும் அருமையும்: அமெரிக்க ஞாபகார்த்த நாணயங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நாணயங்களைச் சான்றாகக் கொண்டு வரலாற்றை ஆராயும் மரபு எமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் சேது நாணயங்கள் பற்றி நிகழ்ந்த விவாதங்களை வாசகர் அறிவர். ஆட்சியாளரின் பெயர், சின்னம், உலோகத்தின் தரம், கிடைத்த இடம் ஆகியவற்றைக் கொண்டு அரசியல் வரலாற்றையும் வணிகத் தொடர்புகளையும் நிறுவுவதே நாணயவியலாளரின் வழக்கமான பணியாக இருந்துவந்துள்ளது. எனினும் அவர்கள் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் புழங்கிய நாணயங்களே. புழங்காதிருப்பதற்கென்றே அடிக்கப்பட்ட நாணயங்களும் உள. கைமாறித் தேய்வது அவற்றின் நோக்கமன்று. சேகரிப்போன் ஒருவனின் பேழையிற் போய்த் தங்குவதே நோக்கமாகும். அவன் அதற்குக் கொடுக்கும் மிகை விலை ஒரு நினைவுச் சின்னத்துக்கோ, கல்விக்கூடத்துக்கோ, வேறேதேனும் பொது நன்மைக்கோ சென்றடைய வேண்டும் என்பது ஏற்பாடு.

இவற்றைச் சிலரது பொழுதுபோக்குப் பொருள்கள் எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அரசு தனது இறைமையின் சின்னமாகிய நாணயத்தை எந்த நினைவுக்கு ஈந்தது, அதனை வாங்கியோர் யாவர், வாங்குவாரின்றி எஞ்சியவை என்னவாயின என்னும் வினாக்களை எழுப்பும்போது இவை சமூக வரலாற்றுக்குரிய சான்றுகளாகிவிடுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஏற்ற களமாகும். அங்கு இவ்வழக்கம் 1892 முதல் தொடர்கின்றது. ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அடிக்கப்பட்ட தொகையும் உருக்கப்பட்ட தொகையும் பதிவாகியுள்ளன.

புழக்கத்துக்கென வெளியிடப்படும் ஞாபகார்த்த நாணயங்களை இவற்றோடு மயக்குதல் கூடாது. இலங்கை 1968இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் நாணயத் திட்டத்தையொட்டி இரண்டு ரூபாக் குத்தியொன்றை வெளியிட்டது. மகா பராக்கிரமபாகுவினதென மரபாகக் கொள்ளப்படும் பொலனறுவைச் சிலையின் உருவம் அதிற் பொறிக்கப்பட்டிருந்தது. அத்தகைய குத்தி ஒரு செய்தியைச் சுமந்துகொண்டு கைமாறுவது. ஈண்டு நாம் நோக்கப்போவதோ நிதியைத் திரட்டுவதற்கெனப் பிறந்த நாணயங்களை. இவ்விரண்டின் பொருளாதாரமும் வேறுவேறானது. முன்னதன் பெறுமதி அதன் முகப் பெறுமதியே. பின்னதிலோ முகப் பெறுமதிக்கும் விற்பனை விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடே அறக்கொடையாகின்றது. அவ்வேறுபாட்டைச் சேகரிப்போன் ஏன் கொடுக்கிறான் என்பதிலேயே முழுச் சிக்கலும் அடங்கியுள்ளது. அறத்தின்பாற்பட்ட ஆர்வத்தினாற் கொடுப்போர் இல்லாமலில்லை. ஆனால் நிலையாகக் கொடுத்துவந்தவன் நாணயத்தின் அருமையை நோக்கியே கொடுத்தான்.

முதலாவது நாணயத்திலேயே இச்சிக்கல் தலைகாட்டியது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400ஆம் ஆண்டு நிறைவையொட்டிச் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கு உதவும் பொருட்டு, 1892இல் 50 இலட்சம் அரை டொலர் குத்திகளை அடித்துக்கொடுக்கக் கொங்கிரஸ் இசைந்தது. 25 இலட்சம் டொலர் நேரடி மானியமாகக் கொடுப்பதற்குப் பதிலாக இக்குத்திகளைக் கொடுத்தாற் கண்காட்சியார் ஒவ்வொன்றையும் ஒரு டொலருக்கு விற்று மானியத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. முதற் குத்தியை றெமிங்டன் தட்டச்சுப்பொறி நிறுவனத்தார் 10,000 டொலருக்கு வாங்கினர். இது அறக்கொடையன்று, விளம்பரச் செலவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பொது மக்கள் அவ்வளவு ஆர்வங் காட்டவில்லை. 1893இன் பொருளாதார நெருக்கடியும் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 25 இலட்சம் குத்திகள் பின்னர் உருக்கப்பட்டன. எஞ்சியவற்றுட் பெருந்தொகையானவை முகப் பெறுமதிக்கே புழக்கத்தில் விடப்பட்டன. ஒரு டொலர் கொடுத்து வாங்கியவன், அதே குத்தி கடைக்காரனின் மிச்சச் சில்லறையாக அரை டொலருக்குத் தன் கைக்கு வருவதைக் கண்டான்.

அதே கண்காட்சியின் பெண்கள் முகாமைச் சபையினர் பேர்த்தா பாமரின் தலைமையில் தமக்கெனவும் ஒரு நாணயம் கோரிப் பெற்றனர். 1893இல் வெளியான இசபெல்லா கால் டொலர் அதுவாகும். ஒரு புறத்தில் ஸ்பானிய அரசி. மறுபுறத்தில் நூற்கோலேந்தி முழந்தாளிட்டிருக்கும் பெண். பெண்களின் உழைப்பை உணர்த்தும் உருவமென அது கொள்ளப்பட்டது. 40,000 குத்திகள் அடிக்கப்பட்டன. கால் டொலருக்கும் ஒரு டொலர், அரை டொலருக்கும் ஒரு டொலர் என்ற நிலையிற் பலர் பெரியதையே வாங்கினர். 15,000க்கு மேற்பட்ட கால் டொலர்கள் திருப்பியனுப்பப்பட்டு உருக்கப்பட்டன. இன்று சேகரிப்போர் அதிகம் விரும்புவது சிறியதையே. எஞ்சியவை குறைவு என்பதே அதற்குக் காரணம். இக்கண்காட்சியிற் கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டமையைக் கண்டித்து 1893இல் ஐடா பி. வெல்ஸ், பிரெடரிக் டக்ளஸ் முதலியோர் ஒரு சிறு நூலை வெளியிட்டனர் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஞாபகார்த்த நாணய மரபு தொடங்கிய இடத்திலேயே யாருடைய ஞாபகம் என்ற வினாவும் எழுந்துவிட்டது.

1900ஆம் ஆண்டைத் தாங்கிய லாஃபயெற் டொலர், பாரிசில் நிறுவப்படவிருந்த சிலைக்காகப் பாடசாலைப் பிள்ளைகள் திரட்டிக்கொடுத்த சதக் காசுகளோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்டது. 50,000 அடிக்கப்பட்டு இரண்டு டொலர் விலையில் விற்கப்பட்டன. 14,000 விலைபோகாது திறைசேரியிற் கிடந்து 1945இல் உருக்கப்பட்டன.

விலைபோகாத நாணயத்தை விலைபோகச் செய்யும் வழி 1921 அளவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே நாணயத்தில் ஒரு சிறு குறியைக் கூட்டிச் சிறு தொகையாக வேறொரு வகையை வெளியிட்டாற் சேகரிப்போன் இரண்டையும் வாங்கியே தீர்வான். மிசூரி, அலபாமா ஆகிய மாநிலங்களின் நூற்றாண்டு நாணயங்களில் இவ்வாறே செய்யப்பட்டது. 1922இல் ஜெனரல் கிராண்டின் நினைவாக வெளியான அரை டொலரில் ஒரு சிறு நட்சத்திரம் பொறித்த வகை 5,000 அளவில் அடிக்கப்பட்டது. நட்சத்திரத்துக்கு ஒரு பொருளும் இல்லை. பொருளின்றியிருந்தும் விலை இருந்தது. பயன்பெறுமதியிலிருந்து பரிமாற்றப் பெறுமதி முற்றாக விடுபட்டு நிற்கும் நிலையை மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

இவ்வரலாற்றில் நின்று நோக்க வேண்டியவை இரண்டு நாணயங்கள்: 1925ஆம் ஆண்டின் ஸ்டோன் மவுண்டன் அரை டொலர், 1946இல் வெளியான புக்கர் ரி. வாஷிங்டன் அரை டொலர். இரண்டும் ஒரே எடை, 12.5 கிராம், இரண்டிலும் வெள்ளி பத்தில் ஒன்பது பங்கு. இரண்டுக்கும் கொங்கிரஸ் விதித்த உச்ச அளவு 50 இலட்சம்.

ஜோர்ஜியா மாநிலத்தின் அற்லாண்டா நகருக்கு அருகே உள்ள கருங்கற் குன்றே ஸ்டோன் மவுண்டன். 1915இல் வில்லியம் சிமன்ஸ் என்பார் இக்குன்றின் உச்சியிற் சிலுவையொன்றை எரித்துக் கு கிளக்ஸ் கிளான் என்னும் நிறவெறி இயக்கத்துக்கு மீண்டும் உயிரூட்டினார். அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துசென்று போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதிகளை இக்குன்றின் முகப்பிற் செதுக்கும் திட்டமும் அதே காலத்திலேயே உருவாயிற்று. கட்சன் போர்க்ளம் சிற்பியாக அமர்த்தப்பட்டார். செதுக்கலுக்கு நிதி தேவைப்பட்டபோது நாணயம் நினைவுக்கு வந்தது. 1924 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. லீ, ஜக்சன் ஆகிய இரு தளபதிகளும் குதிரைமீது அமர்ந்திருக்கும் உருவமும், தெற்கின் போர்வீரரது வீரத்துக்கு நினைவுச்சின்னம் எனக் கூறும் வாசகமும் நாணயத்தில் இடம்பெற்றன. எந்த அரசுக்கு எதிராக அவர்கள் வாளேந்தினரோ அந்த அரசின் நாணயத்திலேயே அவர்கள் உருவம் பொறிக்கப்பட்டது. வட மாநிலங்களின் ஆதரவைப் பெறும்பொருட்டு மறைந்த ஜனாதிபதி ஹார்டிங்கின் நினைவும் சட்டத்திற் சேர்க்கப்பட்டிருந்தது. ஜனாதிபதி கூலிட்ஜ் அப்பெயரை நாணய அமைப்பிலிருந்து நீக்குவித்தார்.

விற்பனை ஓர் இயக்கமாகவே நடத்தப்பட்டது. தென்மாநிலங்கள் ஒவ்வொன்றுக்கும் இத்தனை குத்திகள் எனப் பங்கு குறிக்கப்பட்டது. மாநிலத்தின் பெயர்ச் சுருக்கமும் இலக்கமும் மேலடிக்கப்பட்ட குத்திகள் ஊர்கள்தோறும் ஏலத்தில் விடப்பட்டன. இம்மேலடிக் குத்திகளே இன்று சேகரிப்போர் தேடும் அரும்பொருள்கள். 23 இலட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டு 10 இலட்சம் உருக்கப்பட்டன. ஏறத்தாழ 13 இலட்சம் விலைபோயின. இத்தொகை கணிசமானது. ஆயின் மலையில் வேலை முன்னேறவில்லை. நாணயம் வெளியாகுமுன்னரே, 1925 பெப்ரவரியில், சங்கத்தாரோடு பிணங்கிய போர்க்ளம் நீக்கப்பட்டார். தமது மாதிரிகளை உடைத்துவிட்டு மாநிலத்தை விட்டு ஓடினார். பின்னர் றஷ்மோர் மலையில் ஜனாதிபதிகளின் தலைகளைச் செதுக்கியவர் அவரே. அடுத்து வந்த அகஸ்டஸ் லூக்மன், போர்க்ளம் செதுக்கிய லீயின் தலையை வெடிவைத்துத் தகர்த்தார். 1928இல் வேலை நின்றது. திரட்டிய பணம் வீணடிக்கப்பட்டதென்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

நாணயத்தால் முடியாததைப் பின்னர் அரசியல் முடித்துவைத்தது. பாடசாலைகளில் நிறப் பாகுபாடு சட்டவிரோதமெனக் கூட்டரசின் உயர்நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபின், அதை எதிர்த்து நின்ற ஜோர்ஜியா மாநில அரசு 1958இல் அம்மலையை விலைக்கு வாங்கிற்று. செதுக்கல் 1972இல் நிறைவேறியது. 1963இல் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் ஆற்றிய உரையில் விடுதலை ஒலிக்க வேண்டிய இடங்களுள் ஒன்றாக இம்மலையைப் பெயர் சுட்டிக் கூறியமை தற்செயலன்று.

இடைப்பட்ட 1930களில் நடந்ததைச் சுருக்கமாகவே கூறலாம். அது வெறும் சூதாட்டம். ஜனாதிபதி ஹூவர் 1930இல் இத்தகைய மசோதாவொன்றை நிராகரித்திருந்தார். ஆனால் பெருமந்தத்தின் நடுவே, கையிற் சிறிது பணமிருந்தோர்க்கு ஞாபகார்த்த நாணயம் ஊக வணிகப் பொருளாயிற்று. கென்ரக்கி மாநிலத்தின் டானியல் பூன் நாணயத்தில், 1935ஆம் ஆண்டு இலக்கத்தோடு 1934 என்ற சிறு இலக்கமும் பொறித்த வகை டென்வர், சான் பிரான்சிஸ்கோ நாணயசாலைகள் ஒவ்வொன்றிலும் 2,000 அளவிலேயே அடிக்கப்பட்டது. கேட்டவருட் பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர் பன்மடங்கு விலைக்கு விற்றனர். 1936ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இருபதுக்கு மேற்பட்ட வகைகள் அவ்வாண்டின் இலக்கத்தைத் தாங்கியுள்ளன. சின்சினாற்றி நகரம் இசை மையமாகி 50 ஆண்டு நிறைவுற்றதைக் கொண்டாடுவதாகக் கூறிய நாணயத்தின் கதை எல்லாவற்றுக்கும் சிகரம். அந்நகரின் இசை வரலாற்றில் 1886ஆம் ஆண்டுக்கு எவ்வித முக்கியத்துவமும் இல்லை. நாணயத்தில் உருவம் பொறிக்கப்பட்ட ஸ்டீபன் பொஸ்டரோ 1864இலேயே மறைந்துவிட்டார். கவின்கலை ஆணைக்குழுவின் தலைவர் சார்ல்ஸ் மூர் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. ஒன்றரை டொலர் முகப் பெறுமதியுடைய மூன்று குத்திகள் கொண்ட தொகுதி 7.75 டொலருக்கு விற்கப்பட்டது. 5,000 தொகுதிகளே இருந்தன. அவை விரைவில் மறைந்து, மிகக் கூடிய விலையிற் சந்தையில் மீண்டும் தோன்றின. அறம் இங்கு உறையாக மட்டுமே எஞ்சியது. ஜனாதிபதி றூஸ்வெல்ற் நாணயங்களுக்குப் பதிலாகப் பதக்கங்களை வெளியிடலாமெனக் கூறிவந்தார். 1939 ஓகஸ்டில் நிறைவேறிய சட்டம், முன்னர் அனுமதிக்கப்பட்ட தொடர்கள் யாவற்றையும் நிறுத்திற்று.

போரின் பின் இக்கதவு மீண்டும் திறந்தபோது வந்ததே புக்கர் ரி. வாஷிங்டன் நாணயம். 1856இல் வேர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, டஸ்கீகீ கல்விக்கூடத்தைக் கட்டியெழுப்பியவர் வாஷிங்டன். நிறப் பாகுபாட்டோடு இணங்கிப்போகும் அவரது கொள்கையை டூ போய்ஸ் 1903இலேயே கடுமையாக விமர்சித்தார், அவ்விமர்சனம் நியாயமானதே. எனினும் அவரது பிறப்பிடத்தை மீட்டு நினைவிடமாக்கி அங்கே தொழிற்கல்வி அளிக்க வேண்டுமென எஸ். ஜே. பிலிப்ஸ் என்பார் முயன்றமை ஒரு மெய்யான பொதுத் தேவையின்பாற்பட்டது. கொங்கிரஸ் 1946 ஓகஸ்டில் நாணயத்துக்கு இசைந்தது. வாஷிங்டனின் முகத்திலிருந்து நேரே எடுக்கப்பட்ட வார்ப்பொன்றை வைத்திருந்த ஐசக் ஸ்கொற் ஹதவே என்ற கறுப்பினச் சிற்பி நாணயத்தை அமைத்தார். கறுப்பினத்தவர் ஒருவரின் உருவம் அந்நாட்டு நாணயத்தில் இடம்பெற்றதும், கறுப்பினத்தவர் ஒருவர் அந்நாட்டு நாணயத்தை அமைத்ததும் இதுவே முதன்முறை. அடிமைக் குடிசையிலிருந்து புகழ் மண்டபம்வரை அவர் சென்ற பாதை பின்புறத்தில் உருவாகவும் வாசகமாகவும் இடம்பெற்றது.

பிலிப்ஸ் தம் இனத்து எளிய மக்கள் ஆளுக்கொரு குத்தி வாங்குவர் என நம்பினார். ஒரு டொலருக்கு அரை டொலரை வாங்கும் வசதி வாடகைக் குடியானவனுக்கு எங்கிருந்து வரும்? வசதியுள்ள சேகரிப்போர்க்கோ நாணயம் போதிய அளவு அரியதாக இல்லை. முதலாண்டில் இலட்சக்கணக்கில் அடித்து விற்க முயன்றமை பயனளிக்கவில்லை. பின்னர் 1948, 1949ஆம் ஆண்டுகளில் மூன்று நாணயசாலைகளிலும் சில ஆயிரம் மட்டும் அடித்துத் தொகுதிகளாக விற்கப்பட்டன. அற நோக்கமுள்ள நிறுவனமும் அருமையை உற்பத்தி செய்யும் உத்தியையே இறுதியிற் கைக்கொள்ள வேண்டியதாயிற்று. அதுவும் போதவில்லை. அடிக்கப்பட்ட 30 இலட்சத்துக்கு மேற்பட்ட குத்திகளில் ஏறத்தாழ அரைவாசி உருகுலைக்குச் சென்றன. ஸ்டோன் மவுண்டனுக்குத் தென்மாநிலங்களின் ஆட்சி இயந்திரமும் வங்கிகளும் துணை நின்றமையையும், இதற்கு அவ்வாறான துணை வாய்க்காமையையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்குவோர், விற்பனைத் தொகையை மக்கள் ஆதரவின் அளவுகோலாகக் கொள்ளார்.

கடனில் மூழ்கிய பிலிப்ஸ் மீண்டும் கொங்கிரஸின் கதவைத் தட்டினார். 1951 செப்டெம்பரில் இன்னொரு சட்டம் நிறைவேறியது. விலைபோகாத நாணயங்களை உருக்கிப் பெற்ற வெள்ளியைக் கொண்டு, புக்கர் வாஷிங்டனும் அறிவியலாளர் ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வரும் இணைந்து தோன்றும் புதிய அரை டொலர்களை அடிக்க அது இடமளித்தது. இம்முறை கூறப்பட்ட நோக்கம் வேறு: தேசியப் பாதுகாப்பின் பொருட்டு நீக்ரோக்களிடையே கம்யூனிஸம் பரவுவதை எதிர்த்தல். பின்புறத்தில் அமெரிக்க வரைபடமும், அனைவர்க்கும் சுதந்திரமும் வாய்ப்பும் எனக் கூறும் வாசகமும், அமெரிக்கத்துவம் என்ற சொல்லும் பொறிக்கப்பட்டன. நினைவிடமும் கல்வியும் வேண்டி எழுந்த ஒரு கோரிக்கை, கெடுபிடிப் போரின் மொழியிற் பேசினாலன்றிச் செவிசாய்க்கப்படாத நிலையை அடைந்திருந்தது. பல தென்மாநிலங்களிற் கறுப்பின மக்கள் வாக்களிப்பதே பெரும்பாலும் தடுக்கப்பட்டிருந்த ஆண்டுகள் அவை. இந்நாணயமும் விற்கவில்லை. 1954வரை அடிக்கப்பட்டவற்றுட் பல மீண்டும் உருக்கப்பட்டன. வேறு பல வங்கிகள் வழியாக முகப் பெறுமதிக்கே புழக்கத்துக்கு வந்தன. பிலிப்ஸின் நிறுவனம் முடங்கியது. பிறப்பிடத்தைத் தேசிய நினைவிடமாக ஏற்கும் சட்டத்தை 1956இற் கொங்கிரஸ் இயற்றியது. நாணயத்தைச் சுற்றி வந்த பத்தாண்டுப் பயணத்தின்பின், முதலிலேயே செய்திருக்கக்கூடியதை அரசு செய்தது.

சேகரிப்போரின் விலைப்பட்டியல்களில் வாஷிங்டன், வாஷிங்டன்-கார்வர் அரை டொலர்களின் பொதுவான வகைகள் மிக மலிவான வரிசையில் உள. சின்சினாற்றி நாணயம் அவற்றினும் பன்மடங்கு விலையுடையது. சந்தை எஞ்சிய தொகையை மட்டுமே எண்ணும். எதற்காக அடிக்கப்பட்டதென்று கேளாது. இக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் சேகரிப்போரும் வரலாற்று மாணவருமே. குத்தியோடு அதன் சட்டத்தையும் விற்பனைக் கடிதங்களையும் உறைகளையும் சேர்த்துப் பேணும் சேகரிப்பாளர் சிலர் உளர். எனது நோக்கில் நாணயவியலுக்கு உண்மையான தொண்டு செய்வோர் அவர்களே.

1954இல் ஜனாதிபதி ஐசனோவர் புதிய மசோதாக்களை நிராகரித்தபின் 1982வரை இத்தகைய நாணயம் வெளிவரவில்லை. மீண்டும் தொடங்கியபோது முறை மாறியிருந்தது. நாணயத்தை மொத்தமாக ஒரு சங்கத்திடம் ஒப்படைக்காது நாணயசாலையே நேரில் விற்று, சட்டம் குறித்த மேலதிக அறவீட்டை மட்டும் உரிய நிறுவனத்துக்குக் கொடுத்தது. சுதந்திர தேவி சிலையையும் எல்லிஸ் தீவையும் புதுப்பிப்பதற்கான 1986ஆம் ஆண்டு நாணயங்களில் இவ்வறவீடு பொற்காசுக்கு 35 டொலர், வெள்ளி டொலருக்கு 7 டொலர், அரை டொலருக்கு 2 டொலர். 8 கோடி டொலருக்கு மேல் திரண்டது. இவ்வெற்றியே மறுபடியும் கேடாயிற்று. 1996 அற்லாண்டா ஒலிம்பிக் போட்டிக்கென இரண்டாண்டுகளில் 16 வகைகள் வெளியிடப்பட்டன, சேகரிப்போர் சலித்தனர், 1936இன் காட்சி வேறு உடையில் அரங்கேறியது. அவ்வாண்டே இயற்றப்பட்ட விதிகள், 1999 முதல் ஆண்டுக்கு இரண்டு திட்டங்களே நடைபெறலாம் என்றும், நாணயசாலையின் செலவு மீண்ட பின்னரே நிதி வழங்கப்படும் என்றும், நிதி பெறும் நிறுவனம் தனியாரிடமிருந்து ஈடான தொகை திரட்டிக் காட்ட வேண்டும் என்றும் வரையறுத்தன.

பார்வையற்றோரின் எழுத்தறிவுப் பணிக்காக 2009இல் வெளியான லூயி பிரெயில் வெள்ளி டொலர் இவ்விதிகளின்கீழ் வந்ததாகும். விரலால் வாசிக்கத்தக்க அளவில் பிரெயில் எழுத்து பொறிக்கப்பட்ட முதலாவது அமெரிக்க நாணயம் அது. ஒவ்வொன்றிலும் 10 டொலர் அறவீடு; அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 4 இலட்சம்; விற்பனை அதன் அரைவாசியைச் சற்றே கடந்தது. நாணயசாலை அதனை மூடிய பிளாஸ்ரிக் உறையில் இட்டு விற்றது; விரல் பட்டால் மெருகு கெடும் என்பதால் வாங்கியோர் அவ்வுறையைப் பெரும்பாலும் திறப்பதில்லை.